சிங்கப்பூர் - நியூயார்க் நேரடி விமானம்: ஆறு மணி நேரமா, பதினெட்டா?

தேக்காவாசி:
செப்டம்பரில் அம்மாவை நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். சாங்கியில் ஏறினால் ஜேஎஃப்கேயில்தான் இறக்கம். ராத்திரி பதினொன்றரை வாக்கில் கிளம்பி மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அம்மா "ஆறு மணி நேரம்தானே, சென்னைக்கே நாலு மணி ஆகுதே" என்கிறார். தூரம் தேடினால் ஒரு தளத்தில் 15,340, இன்னொன்றில் 9,530, மூன்றாவதில் 8,280. எதை நம்புவது? 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி, டிக்கெட்டில் ஏறத்தாழ 18. அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை நேரம் எழுதித் தரணும், அதனால்தான் நோண்டுகிறேன்.

ஜெர்சி மாமா:
மூன்றும் சரிதான் தம்பி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசி கடல் மைல் (ஒன்றுக்கு 1.852 கி.மீ.). செப்டம்பரில் நாங்கள் உங்களுக்கு 12 மணி பின்னால். நீங்கள் ராத்திரி 11.30-க்கு ஏறும்போது இங்கே அதே நாள் காலை 11.30, அதோடு 18 மணியைக் கூட்டினால் மறுநாள் காலை 5.30, அவ்வளவுதான். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவோம், அப்புறம் 13. திரும்பும்போது வெள்ளி ராத்திரி ஏறினால் ஞாயிறு விடிகாலைதான் சாங்கி, சனிக்கிழமை வானத்திலேயே கரைந்துவிடும். எங்கள் வீட்டம்மாவுக்குச் சனி விரதம். அந்த வாரம் கணக்கில் சேருமா என்று இன்னும் கேட்கிறாள்.

பாதைப்பித்தன்:
900-ஆல் வகுப்பதில்தான் ஓட்டை. 15,340 என்பது உலக உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த குறைந்தபட்ச தூரம், அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். போகும்போது விமானம் பெரும்பாலும் வட பசிபிக் வழியைத்தான் எடுக்கும், மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால் சுற்றிப் போனாலும் லாபம். காற்று தினமும் மாறும், பாதையும் மாறும். போதாததற்கு டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து கேட் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். விமானம் ஏ350-900யுஎல்ஆர், மொத்தமே 161 இருக்கை, எகானமி கிடையாது. பர்ஸுக்கு வலிக்கும், அம்மாவின் முழங்காலுக்கு நல்லது.

மூணாம்வரிசை:
மாத்திரைக்கு ஊர் நேரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று பாருங்கள். ஊசி போடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் நேரம் மாற்றவே கூடாது. மருந்து கைப்பையில் இருக்கட்டும். எங்கள் அப்பாவுடையது பெட்டியோடு வேறு ஊருக்குப் போய் இரண்டு நாள் அலைந்தோம்.

தேக்காவாசி:
எல்லாருக்கும் நன்றி. ஊசி இல்லை, மாத்திரைதான், ஆனாலும் திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். அம்மாவிடம் 18 மணி என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அப்ப புளிசாதம் கட்டிடறேன்" என்றார். கைப்பையில் புளிசாதம் விடுவார்களா?



ஜெர்சி மாமா:
ஏற விடுவார்கள். இங்கே இறங்குவதற்குள் தீர்த்துவிடுங்கள்.