ரப்பர் கம்பெனிக்கு பிக் டேட்டா: எங்கிருந்து தொடங்குவது?

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பாலும் ஷீட்டும் வாங்கி விற்கிற கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நான்கு கிளை, எட்டு வருடக் கணக்கு, கொஞ்சம் டாலியில், கொஞ்சம் எக்செலில், மிச்சம் வாட்ஸ்அப்பில். யாரோ சொன்னதைக் கேட்டு முதலாளி பிக் டேட்டாவுக்கான (பெருந்தரவு) ஹடூப் மென்பொருள் போட வேண்டும் என்கிறார். தேவையா?

நாகர்கோவில் டேட்டா:
வேண்டாம் அண்ணே. ஒரே மெஷினில் அடங்காத தரவைப் பல மெஷின்களில் பிரித்து வைக்க 2006-ல் வந்தது அது. உங்களுக்கு ஒரு சாதாரண சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்கிற தரவுத்தள மென்பொருள் போட்டாலே தாராளம். எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏற்காது, அதைத் தாண்டினாலே பிக் டேட்டா என்று நினைத்துவிடுகிறார்கள். எந்த முடிவெடுக்கத் தெரியாமல் தவிக்கிறார் என்று முதலாளியிடம் கேளுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பால்வெட்டு நிற்கும் நாட்களுக்கு எவ்வளவு இருப்பு வைப்பது என்பதாக இருக்கலாம். அதற்கு வேண்டிய தரவை மட்டும் முதலில் சுத்தப்படுத்துங்கள்.

தக்கலை அக்கா:
சரிதான், ஆனால் அந்தச் சுத்தப்படுத்தல்தான் ஆளைக் கொல்லும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரே சரக்கு ஒட்டுப்பால், ஒட்டுபால், ஸ்கிராப் என்று மூன்று பெயரில் கிடந்தது, மூன்று மாதம் அதிலேயே போனது. எடை போடுகிறவர் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம்) அளவைத் தன் நோட்டில் மட்டும் எழுதிவைத்தால் எந்த மென்பொருளும் உதவாது, அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், வெளியிலிருந்து டேட்டா சயின்டிஸ்ட் தேடுவதற்கு முன் எஸ்கியூஎல் (தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி) படிக்க ஆசையுள்ள ஒருவரை உள்ளேயே பிடியுங்கள். இலையுதிர் காலத்தில் பால் ஏன் குறைகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

குழித்துறைக்காரன்:
சரிக்கா, அந்த ஆள் நான்தான் போலிருக்கிறது. ஹடூப் கொட்டேஷனை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.