கதையே இல்லாத பாலேயை முதல்முறை பார்க்கிறவர்களுக்குப் போடலாமா?

பொருநைக்கரை:
பாளையில் அடுத்த திரையிடலுக்கு ஒரு பாலே போடலாம் என்று முடிவாகியிருக்கிறது. நேரம் முக்கால் மணி. வருகிறவர்களில் பாதிப்பேர் பாலே பார்த்ததே கிடையாது. கதை புரியும் என்பதால் 'ஸ்வான் லேக்'கிலிருந்து ஒரு காட்சி போடச் சொல்கிறார்கள். நான் கேட்பது நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனின் 'ரூபீஸ்'. 1967 ஏப்ரலில் நியூயார்க் சிட்டி பாலே அரங்கேற்றிய 'ஜுவல்ஸ்' என்ற மூன்று பாகப் படைப்பில் இது நடுப்பாகம், சுமார் 20 நிமிடம். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1929-ல் எழுதி முடித்த, பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான 'கப்ரீச்சியோ' என்ற படைப்புதான் இசை. ஒரு ஜோடி, தனியாக ஒரு உயரமான பெண், குழுவில் எட்டுப் பெண்கள், நான்கு ஆண்கள். கதை இல்லை, யாருக்கும் பெயர் இல்லை.

நம்மூர்க் காது தவுல் கேட்டு வளர்ந்தது. ஜாஸ் கலந்த இசையில் அழுத்தம் தட்டில் விழாமல் முன்னால் பின்னால் விழுகிறதே, அது இங்கே யாருக்கும் அந்நியம் இல்லை. கதையைவிட இந்த வழியாக உள்ளே போவது சுலபம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்க.

பாளை நட்டுவாங்கம்:
மாற்றுக் கருத்து இருக்கு அண்ணாச்சி. கதையில்லாத ஆட்டம் நமக்குப் புதுசில்லை. ஜதிஸ்வரம் இருக்கு, தில்லானா இருக்கு. ஆனால் மார்க்கத்தில், அதாவது பரதக் கச்சேரி வரிசையில், ஜதிஸ்வரத்துக்கு என்ன இடம்? அலாரிப்புக்கு அடுத்த உருப்படி. அதை அளவோடு முடித்துவிட்டு, சப்தம் என்ற உருப்படிக்குப் போய், வர்ணத்தில் அபிநயம் வந்தாகணும். தஞ்சை நால்வர் காரணமில்லாமல் அந்த வரிசையைக் கட்டவில்லை. கதையோ அபிநயமோ இல்லாத சுத்த நிருத்தம் கண்ணை நிறைக்கும். மனசு அதற்கப்புறமும் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். நீங்க அந்த ஒன்றை மட்டும் 20 நிமிடம் போட்டு, விளக்கைப் போட்டு, வீட்டுக்கு அனுப்பப் போறீங்க.

கல்லிடை தவுல்:
அக்கா, கரகாட்டத்துக்கு என்ன கதை? கொடைவிழாவில் நையாண்டி மேளம் முழங்க, கரகம் ஏறியதும் ஊரே கண்ணிமைக்காமல் நிற்கும். தலையில் இருக்கிறது விழுமா விழாதா என்பதும், தவுல்காரர் போடுகிற முத்தாய்ப்பில் கால் சரியாக வந்து நிற்குமா என்பதும்தான் அங்கே கதை.

ஜாஸ் வாடை என்பதைக் கணக்காகச் சொல்லுதேன். ராக்டைம், சார்ல்ஸ்டன் வகைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஓர் அமைப்பு: எட்டு மாத்திரையை நாலு நாலாக வெட்டாமல் 3+3+2 என்று வெட்டுவது. தகிட தகிட தக. கீழே தட்டு தகதிமி தகதிமி என்று நேராகப் போய்க்கொண்டிருக்கும், மேலே அழுத்தம் 1, 4, 7-ல் விழும். ஒரே ஆவர்த்தனத்துக்குள் இரண்டும் முட்டி, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டான சமத்தில் சேரும். நாம் பாட்டு தொடங்கும் இடத்தை, அதாவது எடுப்பை, தட்டிலிருந்து அரையிடம், முக்காலிடம் தள்ளி வைத்துப் பாடும்போது வருகிற அதே சுகம்தான். இதை ரசிக்கக் கதைச்சுருக்கம் வேண்டாம்.

தென்காசிச் சாரல்:
கணக்கு சரி, ஆனால் அந்தக் கணக்கு ஜாஸ் ஆகிவிடாது. ஜாஸின் உயிர் மனோதர்மம். மேடையில் அந்த நிமிடத்தில் பிறக்கிற ஸ்வரம் அது. ஸ்ட்ராவின்ஸ்கி 1918-ல் 'ராக்டைம்' என்று பதினோரு வாத்தியங்களுக்கு எழுதினாரே, அப்போது அவருக்குத் தெரிந்த ராக்டைம் காகிதத்தில் படித்தது. அமெரிக்காவிலிருந்து நண்பர் கொண்டுவந்த அச்சுத் தாள்களைப் பார்த்து, எழுதப்பட்ட தாளத்தை எடுத்துக்கொண்டார். வாசிப்பவர் அதை எப்படி இழுப்பார், எங்கே தள்ளுவார் என்பது தாளில் இருக்காது. கப்ரீச்சியோ எழுதும்போது தன் மனதில் இருந்தவர் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் என்றுதான் அவரே எழுதியிருக்கிறார். தாளவாத்தியக்காரர் தன் கற்பனையில் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தை ஸ்வரக் குறிப்பாக எழுதி ஒருவர் கையில் கொடுத்து, ஓர் அட்சரம் மாறாமல் வாசி என்றால் அதைத் தனி என்பீங்களா?

பொருநைக்கரை:
நல்ல கேள்வி. ரெண்டு பதில் இருக்கு.

ஒன்று, எழுதப்பட்டதால் ஒரு கலப்பு செத்துப்போகாது. நம்ம ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் மேற்கத்திய பாணி உருப்படியான இங்கிலீஷ் நோட்டு முழுக்க எழுதப்பட்டதுதான். சங்கராபரணம்தான், ஆனால் ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் இல்லாமல், தாவித்தாவிப் போகிற நடை. மதுரை மணி ஐயர் அதைக் கச்சேரியில் பாடியபோது, இது அசல் பேண்டு வாத்தியமா என்று யாரும் சோதனை வைக்கவில்லை. அந்த நடை கர்நாடகக் குரலில் வரும்போது உண்டாகிற புதுத் துள்ளலுக்காகக் கேட்டார்கள்.

இரண்டு, ரூபீஸில் ஜாஸ் வருகிற வழி பியானோ மட்டும் இல்லை. அது உடம்பு வழியாகவும் வருகிறது. பாலன்ஷீன் பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் படித்தவர். ஆனால் 1936-லிருந்து பிராட்வே மேடைக்கு நடனம் அமைத்தவர். 1940-ல் 'கேபின் இன் தி ஸ்கை' என்ற இசை நாடகத்தில் கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹமுடன் வேலை செய்தவர். கறுப்பின நடனக்காரர்களின் இடுப்பையும் தோளையும் அவர் தாளில் படிக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தார். ரூபீஸில் என்ன நடக்கிறது என்று பாருங்க. செவ்வியல் பாலேயில் இடுப்பு சதுரமாக, அசையாமல் நிற்கணும். இங்கே இடுப்பு முன்னால் போகிறது, உடம்பு அதைத் தொடர்கிறது. நீட்ட வேண்டிய பாதத்தை மடக்கி, குதிகாலைக் காட்டுகிறார்கள். வெளியே திரும்பியிருக்க வேண்டிய முழங்கால் உள்ளே திரும்புகிறது. விரல் நுனியில் ஏறிய பிறகும் முழங்காலை மடக்கியே நடக்கிறார்கள். ஒவ்வொன்றும் இலக்கணம் தெரிந்தவன் தெரிந்தே தள்ளி வைக்கிற எடுப்பு.

பாளை நட்டுவாங்கம்:
பாதத்தை மடக்குவது நம்ம பிள்ளைகளுக்கு அதிசயமாகத் தெரியாது அண்ணாச்சி. குதிகால் ஊன்றி முன்பாதம் நிமிர்வது நம் அடவுகளில் எத்தனையோ இடத்தில் உண்டு. விதி தெரியாதவருக்கு விதிமீறல் எப்படி இனிக்கும்? 'ஸ்வான் லேக்' பார்த்த கண்ணுக்குத்தான் ரூபீஸின் குறும்பு புரியும். நான் முதலில் கதை பாலே போடச் சொல்வது அதற்காகவும்தான்.

இன்னொன்று. 'ஜுவல்ஸ்' வரிசையிலேயே முதலில் 'எமரால்ட்ஸ்', ஃபோரேயின் இசையில், மெதுவாக, மூச்சு விட்டு ஆடுவது. கடைசியில் 'டைமண்ட்ஸ்', சாய்காவ்ஸ்கியின் இசையில். நடுவில்தான் இந்தத் துடுக்கு. அவரே இரண்டு பக்கமும் அணை கட்டி வைத்ததை நீங்க பிய்த்து எடுத்துப் போடுதீங்க.

பொருநைக்கரை:
விதி தெரிந்தால்தான் மீறல் ருசிக்கும் என்பதை ஒத்துக்கொள்ளுதேன். அதை நான் யோசிக்கவில்லை. பிய்த்து எடுப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரூபீஸைத் தனியாக மேடையேற்றுகிற குழுக்கள் பல உண்டு, அது தனியாகவே நிற்கும்.

கல்லிடை தவுல்:
மனசு எதையோ எதிர்பார்க்கும் என்று அக்கா சொன்னதற்கு ஓர் இடம் காட்டுதேன். அந்த உயரமான பெண்ணை நாலு ஆண்கள் சுற்றி நின்று, ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் பிடித்து, உடம்பைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். பொம்மைபோலத் தெரியும். ஆனால் அச்சு அவளுடையது, நிற்கிற காலின் மேல் தன் பாரத்தை அவளே வைத்திருக்கணும். நாலு பேரில் ஒருவர் அரை நொடி முந்தி இழுத்தாலும் அவள் சாய்வாள். அவள் தன் பாரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் தொய்ந்து, மூட்டை தூக்குவதுபோல ஆகிவிடும். சரியாக ஆடினால், யார் யாரை ஆட்டுகிறார்கள் என்ற கேள்வி நமக்கே வரும். யாரும் முகத்தில் எதையும் காட்டவில்லை. எனக்கு அதுவே அபிநயத்தில் வருகிற பாவம்தான்.

கெட்டுப்போகிற இடமும் உண்டு. ஆடுகிறவர்கள் இசையைக் கேட்காமல் எட்டு எட்டாக எண்ணி ஆடினால் அழுத்தமெல்லாம் தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது இடுப்பு அசைவு வெறும் குலுக்கல். கடைசிப் பகுதியில் பியானோ ஓடினால் காலும் ஓடும், அசைவுக்கு அசைவு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, அந்தக் கார்வை, செத்துப்போகும்.

தென்காசிச் சாரல்:
ஜாஸ் கலந்த இசை, கதை இல்லாத பாலே, இரண்டும் வேண்டும் என்றால் என் தேர்வு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல். ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோ, 1932 ஜனவரியில் பாரிஸில் முதல் அரங்கேற்றம். 1928-ல் அமெரிக்கா போனபோது ஜாஸை அதன் ஊரிலேயே காதால் கேட்டவர் அவர். ஜெரோம் ராபின்ஸ் 1975-ல் அதற்கு நடனம் அமைத்தார். பாரிஸ் ஆபராவில் 'ஆன் சோல்' என்ற பெயரில் ஆடுகிறார்கள். ஒரு ஜோடியும் ஆறு பெண்களும் ஆறு ஆண்களும். முதல் பகுதி சவுக்கடிச் சத்தத்தில் தொடங்கும், ஜாஸ் அங்கே வெளிப்படை. இரண்டாம் பகுதி ஜோடிக்கு மட்டும். அங்கே ஜாஸ் அடங்கிவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட ஆவர்த்தனங்களுக்குப் பியானோ தனியாகப் பாடும், ஆர்கெஸ்ட்ரா வாயைத் திறக்காது. தவுல் அண்ணாச்சிக்காக: ஆவர்த்தனத்துக்கு ஆறு சிறு மாத்திரை. இடது கை தகிட தகிட என்று போகும், வலது கைப் பாட்டு தக தக தக என்று போகும். இரண்டும் சண்டை போடாது, ஒன்றின் மேல் ஒன்று மிதக்கும்.

பாளை நட்டுவாங்கம்:
இதை ஏற்றுக்கொள்ளுதேன். இரண்டு பேர் வருவதும், கிட்டே போவதும், விலகுவதும் இருந்தால் பார்க்கிறவர் தன் கதையைத் தானே வைத்துக்கொள்வார். ரூபீஸைத் தனியாகப் போட்டால் என் எதிர்ப்பு அப்படியே இருக்கு.

முக்கூடல்:
எதைப் போட்டாலும் ஒன்றைக் கவனிங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பல ஸ்பீக்கர்களில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட், அரையிடம் 250. அதாவது நீங்க இவ்வளவு நேரம் பேசின எடுப்பு முழுக்க இடம் மாறிப்போகும். வசனப் படத்தில் உதடு கொஞ்சம் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம், இதில் ஆட்டமே தப்பாகத் தெரியும். மடிக்கணினியிலிருந்து வயர் போட்டு ஸ்பீக்கருக்குக் கொடுங்க. அப்போதும் பிந்தினால் விஎல்சி பிளேயரில் 'ஜே' விசையை அழுத்துங்க, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒலி 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும். அதிகமானால் 'கே' திருப்பித் தரும். சரிபார்க்கக் காலைப் பார்க்காதீங்க, பியானோக்காரரின் கை தெரிகிற காட்சியைப் பாருங்க.

புரொஜெக்டரில் அசைவை வழுவழுப்பாக்குகிற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்க. கால் வெட்டு மழுங்கிவிடும். முகத்தை நெருக்கிக் காட்டுகிற பதிவும் வேண்டாம், பாதம் போய்விடும்.

பொருநைக்கரை:
அப்படியானால் வரிசை இப்படி: 'ஸ்வான் லேக்'கின் இரண்டாம் அங்கத்திலிருந்து குழு ஆட்டம் 5 நிமிடம், விதி எப்படி இருக்கும் என்று காட்ட. பிறகு ராவெலின் இரண்டாம் பகுதி, சுமார் 9 நிமிடம். கடைசியில் ரூபீஸ் முழுசாக. கூட்டிப் பார்த்தால் 35 நிமிடத்துக்குள்.

பாளை நட்டுவாங்கம்:
ராவெலைக் கடைசியில் வையுங்க அண்ணாச்சி.

கல்லிடை தவுல்:
கூடாது. ரூபீஸ்தான் கடைசி. தில்லானாவுக்கு அப்புறம் மெதுவான அபிநயப் பதம் பிடிப்பாங்களா அக்கா?

பாளை நட்டுவாங்கம்:
தில்லானாவுக்கு அப்புறம் ஸ்லோகம் உண்டு தம்பி.