மாயமும் காதலும் சிரிப்பும் கலந்த பழைய படங்கள் ஏன் இன்னமும் எம்மை இழுக்கின்றன?

கொக்குவில் வாசகர் கேட்கிறார்:
வணக்கம். எங்கள் வாசிகசாலையில் மாதந்தோறும் ஒரு பழைய படம் திரையிடுகிறோம். 1967இல் வெளிவந்த ‘பட்டணத்தில் பூதம்’ காட்டியபோது, ஜாவர் சீதாராமனின் பூதம் தோன்றி மறையும் தந்திரங்கள் இன்றைய கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரிந்தும், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் உட்பட ஒருவரும் கதிரையை விட்டு அசையவில்லை. பெரியவர்களை இருத்தி வைத்தது பழைய நினைவு என்று சொல்லிவிடலாம். அந்த நினைவே இல்லாத பிள்ளைகளை இருத்தி வைத்தது எது?

வடமராட்சியான்:
நினைவின் பங்கை அவ்வளவு இலேசாகத் தள்ளிவிட வேண்டாம். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், ஜெனரேற்றரையும் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, அயலட்டை முழுவதும் ஒரு முற்றத்தில் கூடி விடியவிடியப் படம் பார்த்தோம். நாளாந்த வாழ்க்கையே பயமாக இருந்தபோது, பூதம் வருகின்ற படத்தில் நம்பகத்தன்மை இல்லையென்று எவரும் முறையிடவில்லை. அந்த முற்றத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த விருப்பம் தொற்றியிருக்கலாம்.

நல்லூர் ஆசிரியை:
வடமராட்சி அண்ணா சொல்வது உண்மைதான். ஆனால் அந்த முற்றத்தில் சண்டைப் படங்களும் ஓடின, அவற்றை இன்று யார் தேடுகிறார்கள்? என் எண்ணம் வேறு. இந்த வகைப் படங்களில் மாயம் காதலுக்கு உதவி செய்வதைவிட, கலியாணம் பேசும் பெரியவர்களைப் படுத்தும் பாடுதான் முக்கியம்.

1957இல் கே. வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் இயக்கிய ‘மாயா பஜார்’ படத்தையே பாருங்கள். அபிமன்யுவுக்கும் வத்சலாவுக்கும் சிறு வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம் குழம்புவதற்குக் காரணம் அரக்கனோ சாபமோ அல்ல. பாண்டவர்கள் நாட்டை இழந்து வெறுங்கையர் ஆகிவிட்டார்கள் என்பதுதான். நம்மூர்ப் பேச்சுக்கால்களில் சீதனக் கணக்கு முறிவதைக் கண்டவர்களுக்கு, பெண்ணின் தாய் ரேவதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதத்தை விளக்க வேண்டியதில்லை. அதே படத்தில், திறப்பவர் மனத்துக்கு மிகவும் உகந்ததைக் காட்டும் ஒரு பெட்டி வருகிறது. வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான், ரேவதிக்கு நகைகள் தெரிகின்றன, பலராமனுக்குத் துரியோதனன் தெரிகிறான், கண்ணனுக்கோ சகுனி! என் மாணவிகள் அதை ‘வீடியோ கோல்’ என்று சிரித்தார்கள், ஆனால் ரேவதியின் முறை வந்தபோது சிரித்த சிரிப்பு வேறு விதமானது. ஒரு மந்திரப் பொருளைக் கொண்டு நான்கு பேருடைய குணத்தை வசனமில்லாமலே சொல்லிவிடும் திறமைக்கு வயதாவதில்லை.

பிறகு வத்சலாவைத் துரியோதனனின் மகனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடாகிறது, பீமனின் மகன் கடோற்கசன் வத்சலாவின் உருவெடுத்து மணப்பந்தலுக்கு வருகிறான். அந்த இடத்தில் சாவித்திரி, ஆண்மிடுக்கோடு இரண்டடி வைத்துவிட்டுச் சட்டென்று நாணிக் குனியும்போது, அந்த மாப்பிள்ளையாக நடிக்கும் தங்கவேலுவுக்கு ஏற்படும் கலக்கத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அருமை. பெரியவர்களை எதிர்த்து நாம் பேச முடியாததையெல்லாம் அந்தப் பொய்ப் பெண் செய்து காட்டுகிறாள். பிள்ளைகள் கதிரையில் இருப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

சுன்னாகத்துச் சுப்பர்:
ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மாயத்துக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். ‘மணாளனே மங்கையின் பாக்கியம்’ படத்தில் தேவலோகப் பெண் தன் காதலனிடம் ஒரு புல்லாங்குழலைக் கொடுக்கிறாள். அவன் ஊதினால் அவள் வந்தாக வேண்டும். இந்திரன் சபையில் ஆடவேண்டிய நேரத்தில் அழைத்துவிடாதே என்று அவள் கெஞ்சுவதுதான் பி. சுசீலா பாடிய ‘அழைக்காதே நினைக்காதே’. தேவலோகத்துக்காரிக்கும் வேலை நேரம் உண்டு என்ற அந்தச் சின்னச் சிக்கலில்தான் காதலும் வேடிக்கையும் இருக்கின்றன. நினைத்ததெல்லாம் நடக்குமென்றால் கதைக்கு அங்கே வேலையில்லை.

எல்லாப் பழைய படங்களையும் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ பி. யு. சின்னப்பாவின் பாட்டுக்காக இன்றும் கேட்கத் தகுந்தது, ஆனால் நாயகன் நான்கு பெண்களை மணக்க ஆசைப்படும் கதையை இன்றைய பிள்ளைகள் முன் வைத்தால் கேள்விகள் வரும், வரவும் வேண்டும். 2020இல் வந்த ‘ஓ மை கடவுளே’ படத்தில், மணமுறிவுக்குப் போன கணவனுக்குக் கடவுள் மறுவாய்ப்பு அளிக்கிறார், நிபந்தனையோடு. எனவே இந்த வகை செத்துவிட்டது என்றும் புலம்பத் தேவையில்லை.

கொக்குவில் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. அடுத்த மாதம் ‘மாயா பஜார்’ என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம். தெலுங்குப் படத்தை 2010இல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள் என்பதால் அதைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ‘கல்யாண சமையல் சாதம்’ தமிழில் கேட்காவிட்டால் வரமாட்டோம் என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படமே ஓடும். ஆசிரியை அக்கா, உங்கள் மாணவிகளையும் அழைத்து வாருங்கள்.