ஜூனிலேயே அனுப்புவதா, ஓராண்டு பொறுப்பதா?

அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, ஒரு யோசனை சொல்லுங்கள். நியூஜெர்சியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளைக் கரிம வேதியியல் காலை வாரிவிட்டது. ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.4, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 512. இப்போது எல்லாப் பாடங்களிலும் ஏ வாங்குகிறாள்.

மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸை ஜூன் தொடக்கத்திலேயே அனுப்பினால் நல்லது. பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வர எடுத்துப் பார்த்து இடம் கொடுக்கின்றன. ஆனால் அனுப்பிய பிறகு வரும் மதிப்பெண்கள் அந்த ஜிபிஏவில் சேராது. கோடையில் எடுக்கும் உயிர்வேதியியல் முடிய ஆகஸ்ட் ஆகிவிடும். அதன் பிறகு அனுப்பினால், விண்ணப்பச் சரிபார்ப்புக்கே பல வாரங்கள். தவிர, ஒற்றைப் பாடம் 3.4ஐ எவ்வளவு தூக்கிவிடப் போகிறது?

அவளோ, நான்காம் ஆண்டு மதிப்பெண்களோடு அடுத்த முறை போகலாம் என்கிறாள். எனக்குத்தான் பொறுமையில்லை. அப்படித் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறீர்களா? அந்த ஓராண்டில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?