கணினி விஞ்ஞானம் படிக்கப் போகும் தம்பிக்கு எந்த மடிக்கணினி?

துணுக்காய் அக்கா:
வணக்கம். என் தம்பிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உழுந்து விற்ற காசில் வாங்குவதால், இப்போது வாங்குவது அவன் பட்டம் முடிக்கும் வரை உழைக்க வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள்: ஒன்று 8 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) தனிக் கிராபிக்ஸ் அட்டையும் உள்ள புதியது, மற்றது அதைவிட விலை குறைந்த, 16 ஜிபி ரேம் உள்ள பாவித்த திங்க்பேட் (லெனோவோவின் மடிக்கணினி வரிசை). தம்பிக்குப் புதியதில்தான் விருப்பம். எதை வாங்கலாம்?

அறிவியல்நகர் மாணவன்:
அக்கா, நான் கிளிநொச்சியில் கணினிப் பொறியியல் படிக்கிறேன். சி, பைத்தன் போன்ற மொழிகளில் பயிற்சி செய்ய 8 ஜிபி போதும். ஆனால் கைபேசிச் செயலிகள் உருவாக்கும் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவையும், கணினித் திரையிலேயே கைபேசி போல இயங்கும் அதன் எமுலேட்டரையும் பிரவுசரோடு சேர்த்துத் திறக்கும்போதோ, விண்டோஸுக்குள் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தை மெய்நிகர் கணினியாக ஓட்டும்போதோ ரேம் நிரம்பி, மிச்சத்தை ரேமைவிட வேகம் குறைந்த எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் வைத்து எடுக்க வேண்டி வருவதால், எல்லாம் மந்தமாகிவிடும். இயந்திரக் கற்றலுக்குக் கிராபிக்ஸ் அட்டை உதவும் என்பது உண்மைதான். எனினும் பாடப் பயிற்சிகளை, கூகுளின் கணினிகளில் இணையம் வழியே நிரல் ஓட்டும் சேவையான கூகுள் கொலாபில் இலவசமாகச் செய்யலாம், இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

மாங்குளம் திருத்துநர்:
மாணவத் தம்பி சொல்வது சரி. ஆனால் பாவித்ததை வாங்குமுன் அதன் புரொசசரைக் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இற்கு, இன்டெல் என்றால், ஒருசில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையாவது வேண்டும். திங்க்பேட் டி480 மாதிரி பெரும்பாலும் அந்தத் தலைமுறைப் புரொசசரோடுதான் வந்தது, ரேம் செருக இரண்டு இடங்களும் உண்டு. அதே திங்க்பேட் வரிசையில் எக்ஸ்1 கார்பனில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட முடியாது. புதியதிலும் இதையே கேளுங்கள். ரேம் செருக இடம் இருந்தால், பிறகு 8 ஜிபியைக் கூட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் தரும் பற்றரி அறிக்கையைக் கடையிலேயே எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில் உங்கள் தம்பி பற்றரியை நம்பித்தானே படிக்க வேண்டும்?

துணுக்காய் அக்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று தம்பியோடு போய்ப் பார்த்தேன். புதியதில் ரேம் ஒட்டப்பட்டிருக்கிறது. பாவித்தது ஏழாம் தலைமுறை. இரண்டையும் விட்டுவிட்டு வந்தோம். எட்டாம் தலைமுறை திங்க்பேட் ஒன்று அடுத்த கிழமை வரும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பற்றரி அறிக்கை எடுக்கும் முறையைத் தம்பி இப்போதே கொப்பியில் எழுதி வைத்துவிட்டான்.