அரைத்த செல்லுலோஸும் நீரும்: நீங்கள் பார்த்தது என்ன?

பாலிமர் ஆய்வு மாணவி

தாவர நாரில் இருக்கும் செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. அதை அரைத்தால் துகள் சிறுக்கும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பந்து ஆலையில் (ஜாடிக்குள் கடினமான பந்துகளை உருட்டி மோதவிட்டு அரைக்கும் இயந்திரம்) வேலை பார்த்தவர்களுக்கு அது பாதிக் கதைதான் என்று தெரியும். நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

நுண்படிக செல்லுலோஸை (படிகப் பகுதி மிகுந்த செல்லுலோஸ் தூள்) வேக்குவம் ஓவனில் நன்றாக உலர்த்தி, சிர்கோனியா என்ற கடினமான பீங்கானால் ஆன ஜாடியில் சிர்கோனியா பந்துகளோடு அரைத்தேன். சூடு ஏறினால் தூள் பழுப்பாகும் என்பதால் இடையிடையே நிறுத்தி ஆறவிட்டேன். அரைக்குமுன் எடுத்த எக்ஸ்ஆர்டியில் (படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்கதிர் விளிம்பு விலகல் வரைபடம்) 22.6 டிகிரி அருகே கூரான உச்சி, 15க்கும் 16.5க்கும் பக்கத்தில் இரண்டு சிறிய உச்சிகள். இயற்கை நாரில் இருக்கும் படிக வடிவமான செல்லுலோஸ் I-இன் அடையாளம் அது. அரைக்க அரைக்க அந்த உச்சிகள் தேய்ந்து, கடைசியில் 20 டிகிரியைச் சுற்றி ஒரு பரந்த மேடு மட்டுமே மிஞ்சியது. பந்துகளின் மோதலும் உரசலும் சங்கிலிகளை நகர்த்தி, ஹைட்ரஜன் பிணைப்புகளின் ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன. சங்கிலிகளே அங்கங்கே அறுபடவும் செய்கின்றன. துகள் அளவோ ஒரு கட்டத்துக்கு மேல் குறைவதில்லை, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஆனால் உள்ளே குலைவு நிற்பதில்லை. சல்லடையை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது.

என்னை அசத்தியது இதற்குப் பிறகு நடந்தது. அதே தூளை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி எக்ஸ்ஆர்டி எடுத்தேன். மேட்டின் இடத்தில் 12, 20, 22 டிகிரி அருகே உச்சிகள். செல்லுலோஸ் II! ரேயானிலும், மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் ஊறவைத்த பஞ்சிலும் காணும், சங்கிலிகள் வேறு விதமாக அடுக்கிய படிக வடிவம். இந்தத் தூளில் காரம் ஒரு துளிகூடப் படவில்லை. நீர் புகுந்ததும் சங்கிலிகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது, அவை அதிக நிலைப்புள்ள அடுக்கைத் தேடிப் போகின்றன. பழைய படிகம் கொஞ்சம் எஞ்சியிருந்தால் I-உம் சேர்ந்து வரலாம்.

நொதி ஆய்வாளர்

அருமை, மாணவியே. எங்கள் வேலைக்கு இதுதான் உயிர்நாடி. படிக ஒழுங்கு போனால் நொதி எளிதாகச் சங்கிலியைப் பிடிக்கிறது, குளுக்கோஸ் வேகமாக வருகிறது. ஆனால் நொதி வேலை செய்வதும் நீரில்தானே! ஒரு பக்கம் நீராற்பகுப்பு (நொதி சங்கிலியை வெட்டுவது), மறுபக்கம் மறுபடிகமாதல் (சங்கிலிகள் மீண்டும் ஒழுங்காக அடுக்குவது), இரண்டும் போட்டி போடுகின்றன. அதனால் அரைத்த தூளை நான் முன்கூட்டி நனைத்து வைப்பதே இல்லை. உலர்ந்தபடியே நொதிக் கரைசலில் சேர்க்கிறேன். அரைப்பதற்கு மின்சாரம் நிறையச் செலவாகிறது என்பது மட்டும்தான் என் கவலை.

மாத்திரைத் துறையில் இருப்பவன்

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படிகம் குலைந்த செல்லுலோஸ் காற்றிலிருந்தே கூடுதல் ஈரத்தை உறிஞ்சும். அரைத்த கையோடு ஈரம் உறிஞ்சும் பொருளைச் சேர்த்துக் காற்றுப்புகாமல் மூடி வைக்கிறோம்.

இன்னொன்று, படிகத்தன்மையைக் கணக்கிட 1959-இல் வந்த சீகல் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். 22.6 அருகே உள்ள உச்சியின் உயரத்தையும் 18 டிகிரி அருகே உள்ள உயரத்தையும் ஒப்பிடும் கணக்கு அது, I வடிவத்துக்கென்று வந்தது. நீங்கள் நனைத்த தூளில் II இருப்பதால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முழு வரைபடத்தையும் போடுங்கள்.

நானோநார் செய்பவள்

நாங்கள் செல்லுலோஸை மிக மெல்லிய நானோநாராகப் பிரிக்க நீரிலேயே அரைக்கிறோம், எங்களுக்குக் கிடைப்பது வேறு. நிறைய நீர் இருந்தால் நார் இழை இழையாகப் பிரிகிறது, படிகத்தன்மை பெரும்பாலும் தங்கிவிடுகிறது. தூள் அல்ல, கூழ் வருகிறது. இயந்திரம் ஒன்றே என்றாலும், உலர்த்தி அரைத்தால் குலையும், நனைத்து அரைத்தால் பிரியும். ஆகவே யார் முடிவு எழுதினாலும், அரைக்கும்போது ஈரம் எத்தனை சதவீதம் என்று சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் உங்கள் தூளையும் என் கூழையும் எதை வைத்து ஒப்பிடுவது?