மழைக்குப் பிறகு டிரில்லிங்: வேலைக்கு முன் அபாய ஆய்வை எப்படிச் செய்வது?

ஜல்லி_மேட் (கேள்வி)

வணக்கம். கரூர் பக்கம் ஒரு ஜல்லிக் குவாரியில் மைனிங் மேட்டாக (ஷிப்ட் ஆட்களின் பாதுகாப்பைப் பார்க்கும் மேற்பார்வையாளர்) இருக்கிறேன். சர்டிபிகேட் வாங்கி இந்த வருடம்தான் சேர்ந்தேன். தினமும் காலையில் ஆபீசில் ஒரு ஜே.எஸ்.ஏ. (வேலைக்கு முன் அபாய ஆய்வு) படிவம் தருகிறார்கள். எல்லா வேலைக்கும் அதே ஜெராக்ஸ்தான். "அபாயம்: பாறை விழுதல். கட்டுப்பாடு: ஹெல்மெட் அணியவும், கவனமாக வேலை செய்யவும்" என்று முன்பே அச்சடித்திருக்கும். தேதி போட்டு, ஆட்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இரண்டு நாளாக இங்கே நல்ல மழை. நாளைக் காலை இரண்டாவது பெஞ்சில் (படிபோல வெட்டிய தளம்) ஜாக்ஹேமர் டிரில்லிங், அதாவது கையில் பிடிக்கும் மெஷினால் பாறையில் வெடிக்குழி போடும் வேலை, தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் முகப்பில் (செங்குத்தான பாறைச் சுவர்) கிழக்கு மூலையில் ஒரு வெடிப்பு, அதாவது பிளவு, இருக்கிறது. மழைக்கு முன்பே இருந்ததுதான், ஆனால் இப்போது அதிலிருந்து செம்மண் தண்ணீர் வடிகிறது. என்னோடு வேலை செய்பவர்களில் இரண்டு பேர் வடநாட்டுப் பையன்கள், தமிழ் அவ்வளவாகப் புரியாது.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் கேட்கவில்லை. உண்மையிலேயே எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எந்த நிலையில் வேலையை நிறுத்த வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபோர்மேன் (பதில்)

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கிரானைட், ஜல்லி இரண்டு வகைக் குவாரியிலும் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் படிவத்தை ஆபீசில் உட்கார்ந்து எழுதாதீர்கள். காலையில் ஆட்கள் டீ குடிக்கும் நேரத்தில் நீங்கள் மேலே ஏறிவிடுங்கள். எல்லோரும் கீழே நின்று முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கு" என்பார்கள். ஆபத்து தொடங்குவது மேல் விளிம்புக்குப் பின்னால். விளிம்புக்கு இணையாகத் தரையில் புது வெடிப்பு ஓடுகிறதா, மழைத்தண்ணீர் எங்காவது தேங்கி அந்த வெடிப்புக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல்லோ மரமோ குப்பை மண்ணோ இருக்கக் கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்லை, 1961 உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106-வது விதியில் இருக்கிறது. அதே விதியில்தான் கெட்டிப் பாறையில் பெஞ்ச் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும், அடியில் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது என்பதும் இருக்கின்றன. பெரிய மெஷின் வைத்து அதிக உயரத்தில் வேலை செய்யும் குவாரிகள், சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தில் தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் குவாரிக்கு அந்த அனுமதி இருந்தால் அதன் நிபந்தனைகளை ஒரு தடவை வாங்கிப் படியுங்கள். 

செம்மண் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்களே, நாளைக்கு மிக முக்கியமான தகவல் அதுதான். பாறைப் பிளவுக்குள் இருக்கும் களிமண் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். அந்தக் களிமண்தான் இத்தனை நாளும் பாறைக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே தேங்கும் தண்ணீர் பாறையை வெளியே தள்ளவும் செய்யும். மழை விட்டு வெயில் வந்துவிட்டது என்பதால் ஆபத்து போய்விடாது. மழை நின்ற மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாறை சரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே பார்த்த பிறகு பக்கவாட்டில் இறங்கி வந்து முகப்பைக் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். கெட்டிப் பாறை கணீர் என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன பாறை டொக்கு டொக்கு என்று மந்தமாகக் கேட்கும், கையை வைத்தால் அதிர்வும் தெரியும். தட்டுவதை நல்ல பாறையில் தொடங்கி மோசமான பக்கம் நகருங்கள், காலடி எப்போதும் நல்ல பக்கத்தில் இருக்கட்டும். கடப்பாரையை வயிற்றுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். கல் சரிந்து கம்பியைத் தள்ளினால் அது நேராகக் குடலில் இறங்கும். விலாவுக்கு வெளியே பிடிக்க வேண்டும். விளிம்போரம் ஏறித் தட்டுபவர் மேலே நல்ல இடத்தில் கட்டிய கயிற்றோடும் பெல்ட்டோடும்தான் ஏற வேண்டும். அந்தக் கயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி கட்டுப்பாடுகள். அச்சடித்த படிவத்தில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2022 மே 14 இரவு திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராட்சதப் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள், அதில் 4 பேர் இறந்தார்கள். கல் மேலும் மேலும் சரிந்ததால் மீட்கப் போனவர்களே நெருங்க முடியாமல் மீட்பு நாள்கணக்கில் நீண்டது. 2025 மே மாதம் சிவகங்கை மல்லாக்கோட்டையிலும் பாறைச் சரிவில் உயிர்கள் போயின. டன் கணக்கில் வரும் பாறையை எந்த ஹெல்மெட் தாங்கும்? ஹெல்மெட் கட்டாயம் போட வேண்டும், அது கைப்பிடி அளவு கல்லுக்கு. முகப்பு சரிவதற்கான பதில் என்று அதை எழுதவே கூடாது.

நான் எழுதுகிற வரிசை இது. அந்த இடத்தில் வேலை செய்யாமல் முடியுமா? நாளைக்குக் கிழக்கு மூலையை விட்டுவிட்டு மேற்கே டிரில்லிங் போடலாமே. முடியாது என்றால் ஆபத்தை அகற்ற முடியுமா? பொக்லைனை வைத்து அந்தப் பாறையைத் தள்ளி இறக்கிவிட்டுப் பிறகு தொடங்கலாம். அதுவும் இல்லையென்றால் ஆளைத் தள்ளி வைக்க முடியுமா? முகப்பின் அடியில் மண் கட்டு போட்டு, கொடி கட்டி, உள்ளே யாரும் போகாதபடி அடைக்கலாம். இவ்வளவையும் யோசித்த பிறகுதான் ஆள் வைத்துக் கண்காணிப்பதும், கடைசியாக ஹெல்மெட், பூட்ஸும்.

"கவனமாக வேலை செய்யவும்" என்று எழுத வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் கட்டுப்பாடு எதுவுமே இல்லை என்றுதான் அர்த்தம். உங்கள் படிவத்தின் அந்த ஒரு வரியை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"இரண்டாவது பெஞ்ச், கிழக்கு மூலை. மேல் முகப்பு வெடிப்பில் செம்மண் தண்ணீர் வடிகிறது, தட்டினால் மந்த ஒலி. மூலையிலிருந்து மின்கம்பம் வரை சிவப்புக் கொடி கட்டி அடைக்கப்பட்டது. பொக்லைன் கொண்டு லூஸ் பாறையை இறக்கி, மேட் மறுபடி தட்டிப் பார்த்து ஒப்புதல் தரும் வரை ஆள் நுழையக் கூடாது. பொறுப்பு: காலை ஷிப்ட் மேட்."

எந்த இடம், என்ன பார்த்தோம், என்ன செய்தோம், யார் பொறுப்பு. அவ்வளவுதான். ஆபத்துக்கு மதிப்பெண் போடும் முறையும் இருக்கிறது: நடந்தால் எவ்வளவு பெரிய சேதம், ஆள் எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறார், நடக்க எவ்வளவு வாய்ப்பு, மூன்றையும் பெருக்குவார்கள். எந்த வேலையை முதலில் கவனிப்பது என்று தெரிய அது உதவும். மழைக்கு முன் போட்ட எண்ணை மழைக்குப் பிறகு அப்படியே எழுதி வைத்தால் பிரயோஜனம் இல்லை.

டிரில்லிங் தொடங்கும் முன் இன்னொன்று. பழைய வெடிக்குழிகளின் அடிப்பகுதி மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். அதற்குள் மருந்து மிஞ்சியிருக்கலாம். வழி இருக்கிறதே என்று அந்தப் பழைய குழிக்குள்ளேயே ராடை (துளையிடும் கம்பி) இறக்குவதுதான் டிரில்லர்கள் உயிரை விடும் இடம்.

வெடிக்காரர்_சேலம் (பதில்)

ஃபோர்மேன் அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். மிஸ்ஃபயர் (மருந்து வெடிக்காமல் நின்றுபோன குழி) இருப்பது தெரிந்தால் அந்தக் குழியை நோண்டவோ மருந்தை வெளியே எடுக்கவோ கூடாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாகப் புதுக் குழி போட்டுத்தான் வெடிக்க வேண்டும். அதை பிளாஸ்டர் (வெடி வைக்கும் பொறுப்பாளர்) குறித்துக் கொடுக்க வேண்டும், டிரில்லர் தானாகப் போடக் கூடாது. நேற்றைய பிளாஸ்டரின் பதிவேட்டைக் காலையில் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு ராடை வையுங்கள்.

இந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் இடி வரும். தூரத்தில் இடிச் சத்தம் கேட்டாலே சார்ஜிங்கை (குழியில் மருந்து நிரப்புவதை) நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றிவிடுங்கள், எந்த வகை டெட்டனேட்டராக இருந்தாலும் சரி. வெடிக்கும்போது குவாரியைச் சுற்றிலும் ஆபத்துப் பகுதி. ஆடு மேய்க்கிறவர்கள் வரும் ஒற்றையடிப் பாதையிலும் காவலுக்கு ஆள் நிறுத்துங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஹிட்டாச்சி_ஓட்டுநர் (பதில்)

லூஸ் பாறையை இறக்கச் சொல்லும்போது எங்களையும் நினைத்துப் பாருங்க. முகப்புக்குப் பக்கவாட்டாக வண்டியை நிறுத்தினால் கல் வரும்போது ஓட முடியாது. செயின் (வண்டி நகரும் சங்கிலிப் பட்டை) முகப்பைப் பார்த்து நேராக இருக்கணும், அப்போதுதான் சட்டென்று பின்னால் எடுக்கலாம். பின்னால் டிப்பர் நிற்கக் கூடாது. பூம் (வண்டியின் நீண்ட கை) எட்டாத உயரத்தில் இருக்கிற கல்லை அடியில் தோண்டி விழ வைக்கச் சொல்லும் மேட்டுகள் இருக்கிறார்கள். அதை நான் செய்யவே மாட்டேன், நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.

ஜல்லி_மேட்

எல்லோருக்கும் நன்றி. காலையில் மேலே ஏறிப் பார்த்தேன். விளிம்புக்குப் பின்னால் தரையிலும் வெடிப்பு இருக்கிறது, விரல் உள்ளே போகிறது. கிழக்கு மூலையைக் கொடி கட்டி அடைத்துவிட்டேன், டிரில்லிங் மேற்குப் பக்கம் ஓடுகிறது. வடநாட்டுப் பையன்களைக் கையோடு கூட்டிப்போய்க் கடப்பாரையால் தட்டிக் காட்டினேன், சத்தத்தின் வித்தியாசத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மேனேஜர் "லோடு குறையுது, மத்தியானத்துக்குள் கொடியை எடு" என்கிறார். என்ன செய்வது?

பழைய_ஃபோர்மேன்

கொடியை எடுக்காதீர்கள் தம்பி. ஷிப்ட் தொடக்கத்தில் இடத்தைப் பார்ப்பதும், ஆபத்து என்றால் ஆட்களை வெளியேற்றி அடைப்பதும் சட்டப்படி மேட்டின் கடமை. ஆய்வுப் பதிவேட்டில் நேரம் போட்டு, பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வெடிப்பின் இரண்டு பக்கமும் பெயின்ட்டில் புள்ளி வைத்து, இடைவெளியை டேப்பால் அளந்து அதையும் எழுதுங்கள். மதியம் மறுபடி அளந்து பாருங்கள். பிறகு மேனேஜரை மேலே கூட்டிப்போய் நேரில் காட்டுங்கள். கீழே நின்று பேசும்போது லோடுக் கணக்கு பேசுபவர்கள் பலர் மேலே வந்து பார்த்ததும் பொக்லைனை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால், அடைப்பை எடுக்கும் உத்தரவை அதே பதிவேட்டில் அவர் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுத்தாலும் உங்கள் ஆட்களை உள்ளே விடாதீர்கள், உடனே சென்னையில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மதிய அளவு என்ன வந்தது என்று இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.